எந்தக் காமிரா?

சென்ற தை மாதத்தில் ஒரு நாள் என் சித்தப்பாவின் பேரன் என்னைப் பார்க்க வந்தான். காப்பியைக் குடித்து முடிக்கிறவரையில் மரியாதைக்குப் பேசாமல் இருந்தான். டம்ளரைக் கீழே வைத்ததுதான் தாமதம், "பெரியப்பா, உங்ககிட்ட ஒரு யோசனை கேக்கணும். எந்தக் காமிரா வாங்கலாம்?" என்றான்.

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? பேனாவைப் பற்றிக் கேட்டிருந்தால் ஏதோ சொல்லியிருப்பேன். ஆனால் அவன் வருவதற்கு முன்பே அவன் தகப்பனின் டெலிபோன் எனக்கு வந்துவிட்டது. "அண்ணா, பையன் கல்யாணப் போட்டோ எடுத்தே பிழைக்கப் போகிறானாம். இரண்டரை லட்ச ரூபாய்க்குக் காமிராவும் லென்ஸும் வேண்டுமாம். அவன் அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிற வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. நீங்கள் சொன்னால் கேட்பான்" என்று என் தம்பி புலம்பியிருந்தான்.

அவன் பயந்ததில் நியாயம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு முறை இப்படி நடந்திருக்கிறது.

என் சித்தப்பா கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் முப்பது வருஷம் போட்டோ ஸ்டூடியோ நடத்தினார். சுவர் முழுவதும் ஒரு திரை. அதில் ஒரு தடாகம், இரண்டு அன்னங்கள், ஒரு மாடிப்படி. அந்த அன்னங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளாத புதுத் தம்பதிகள் அந்தச் சுற்று வட்டாரத்தில் கிடையாது. அவரிடம் இருந்தது ஒரே காமிரா. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ் வைத்தது; மேலேயிருந்து குனிந்து கண்ணாடியைப் பார்க்க வேண்டும். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். சிறு பிள்ளையாக இருந்தபோது அவரோடு கல்யாணங்களுக்குப் போய், "ஏன் சித்தப்பா, சும்மா நிக்கறீங்க? இதை எடுங்களேன், அதை எடுங்களேன்" என்று நச்சரிப்பேன். "பன்னிரண்டுதான்டா இருக்கு. மாலை மாத்தறதுக்கு ரெண்டு, தாலிக்கு மூணு, சம்பந்திமார் சண்டை போட்டுக்காம இருக்க ஆளுக்கு ஒண்ணு. மிச்சத்தைக் கண்ணாலே பாத்துக்கோ" என்பார்.

இரவில் கொல்லைப்புற அறையில் சிவப்பு விளக்கு எரியும். சித்தப்பா படங்களைத் தட்டில் அலசி எழுப்புவார். சித்தி அவற்றை வாங்கித் தொட்டித் தொட்டியாகத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பாள். மருந்து பட்டுப் பட்டு அவள் விரல் நுனிகள் எப்போதும் வெடித்திருக்கும்.

பிற்காலத்தில் கலர்ப் படம் அச்சடிக்கும் இயந்திரம் ஒன்றைச் சித்தப்பா கடன் வாங்கிப் போட்டார். போட்ட மூன்று வருஷத்துக்குள் ஃபிலிம் என்பதே ஊரைவிட்டுப் போய்விட்டது. இயந்திரம் இரும்பு விலைக்குப் போயிற்று; சித்தியின் வளையல்கள் கடனுக்குப் போயின. அந்தப் பேச்சை அவர் அப்புறம் எடுத்ததே இல்லை.

ஆகவே பையனுக்கு நான் என்ன சொல்வது? "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் கண்ணில் சித்தப்பாவின் கண் இருந்தது. "காமிரா விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் 1857-ஆம் வருஷம் நம் ஊர்ப் பக்கம் காமிராவோடு வந்த ஒரு மனுஷரைப் பற்றிச் சொல்கிறேன், கேட்கிறாயா?" என்றேன்.

"அவர் என்ன காமிரா வெச்சிருந்தார்?" என்று உடனே கேட்டான்.

தொழில்காரன் கேட்கிற கேள்வி என்றால் அதுதான். வாசகர்களுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் லின்னேயஸ் டிரைப். இங்கிலாந்தில் கப்பல் கட்டும் துறைமுகமான டெவன்போர்ட்டில் 1822-இல் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்து 1840-களை இந்தியாவில் கழித்தார். 1850-இல் நீண்ட லீவில் ஊருக்குப் போனவர், அங்கே இந்தப் புது வித்தையைப் பழகிக்கொண்டார். அப்போது படம் பிடிப்பது என்பது பிறந்து பத்துப் பன்னிரண்டு வயதான குழந்தை. 1854-இல் காப்டனாகப் பெங்களூருக்குத் திரும்பியபோது அவருடைய சாமான்களில் துப்பாக்கியோடு ஒரு காமிராவும் இருந்தது. அந்த வருஷம் டிசம்பரிலேயே ஹளேபீடுக்கும் பேலூருக்கும் போய் ஹொய்சளர் கோயில்களைப் பிடித்தார். மறு வருஷம் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அந்தப் படங்களுக்கு முதல் தரப் பதக்கம் கிடைத்தது. அதே 1855-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌஸி பர்மா அரசரிடம் ஒரு தூதுக்கோஷ்டியை அனுப்பினார்; அதோடு டிரைப்பும் போனார். மழையிலும் நோயிலும் இருநூறுக்கு மேல் நெகடிவ்களோடு திரும்பி, பெங்களூரில் உட்கார்ந்து 120 படங்கள் கொண்ட தொகுதிகளாக ஐம்பது பிரதிகள் தயாரித்தார். கணக்குப் பார்த்தால் ஆறாயிரம் படங்கள். ஒவ்வொன்றும் கையால், வெயிலில் வைத்து அச்சிட்டது. 1856-இல் சென்னை சர்க்கார் அவரைத் தன் போட்டோகிராபராக நியமித்தது.

ஒரு சர்க்கார் தன் ராஜதானியின் கோயில்களையும் கோட்டைகளையும் படம் பிடிப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்துக்கொண்டதென்றால் அந்தக் காலத்தில் அது சாமானிய விஷயம் அல்ல. உத்தியோகம் கிடைத்துவிட்டது. இனி எந்தக் கருவியை எடுத்துக்கொண்டு புறப்படுவது?

அன்று அவருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று காகிதம், மற்றொன்று கண்ணாடி.

கண்ணாடிதான் புது மோஸ்தர். ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயச் சிற்பி 1851-இல் வெளியிட்ட முறை அது. கண்ணாடித் தகட்டின்மேல் கலோடியன் என்ற பிசின் போன்ற திரவத்தை ஊற்றிப் பரப்பி, இருட்டில் வெள்ளி உப்பு நீரில் முக்கி, ஈரம் காய்வதற்குள் காமிராவில் வைத்துப் படம் பிடித்து, ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவியும் எடுத்துவிட வேண்டும். இங்கிலாந்தின் குளிரில் இதற்குப் பத்து நிமிஷம்போல அவகாசம் உண்டு. கலோடியனில் இருப்பது ஈதர். திறந்து வைத்தாலே பறந்துவிடுகிற சரக்கு. மதுரைச் சித்திரை வெயிலில் அது என்ன பாடுபடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. படம் பிடிக்கிற இடத்துக்கெல்லாம் இருட்டுக் கூடாரம் ஒன்று கூடவே வர வேண்டும். ஆனால் லாபமும் உண்டு. கண்ணாடியில் விழும் உருவம் ஊசி முனைபோலக் கூர்மையாக இருக்கும்; சில விநாடிகளில் படம் விழுந்துவிடும். அசையாமல் நில்லுங்கள் என்றால் மனிதர்கள் நின்றுவிடக்கூடிய நேரம் அது.

காகிதம் நிதானமான மனிதருக்கு ஏற்றது. பிரான்ஸில் லெ க்ரே என்பவர் அதே 1851-இல் வெளியிட்ட மெழுகுத் தாள் முறை. நல்ல மெல்லிய காகிதத்தை உருக்கிய மெழுகில் தோய்த்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து அதிக மெழுகை எடுத்து, அயோடைடு நீரில் ஊறவைத்துக் காயவைத்து, பிறகு வெள்ளி உப்பு ஏற்றி மறுபடியும் காயவைத்துக்கொள்ளலாம். இப்படி முன்கூட்டியே தயார் செய்து கட்டிக்கொண்டு போகலாம். படம் பிடித்தபின் பல நாள் கழித்து, வசதியான இடம் பார்த்துக் கழுவிக்கொள்ளலாம். கனம் இல்லை, கீழே விழுந்தால் உடையாது. நஷ்டம் என்ன? உருவம் சற்று மிருதுவாக விழும். அதைவிடப் பெரிய நஷ்டம், நேரம். வெயிலிலேயே சில நிமிஷங்கள் காமிராவைத் திறந்து வைக்க வேண்டும். மண்டபத்து நிழலுக்குள் போனால் இன்னும் எவ்வளவோ.

டிரைப் கண்ணாடியிலும் படம் எடுத்தது உண்டு. ஆனால் அவர் பெயர் நிலைத்தது மெழுகுத் தாளில்தான். சுமார் பன்னிரண்டு அங்குலத்துக்குப் பதினைந்து அங்குலம் உள்ள தாள். அக்காலத்தில் படத்தைப் பெரிதாக்கி அச்சிடுகிற வழக்கம் இல்லை; நெகடிவ் எவ்வளவோ படமும் அவ்வளவே. ஆகவே காமிராவும் ஒரு பெட்டிக்கடை அளவு இருந்திருக்க வேண்டும்.

1857 டிசம்பர் மத்தியில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்கவில்லை. லக்னோ பிரிட்டிஷார் கைக்குத் திரும்பியது அடுத்த மார்ச்சில்தான். இங்கே ஒரு காப்டன் கல் தூண்களைப் பார்த்துக்கொண்டு தெற்கே வருகிறார். ராயக்கோட்டை, சேலம், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று நான்கு மாதங்களுக்கு மேல் சுற்றிச் சென்னை போய்ச் சேர்ந்தார். கல்லில் கால் இடறினால் மருந்துச் சீசா போயிற்று. ஊர்க் கிணற்று நீரில் உப்பு இருந்தால் வெள்ளிக் கரைசல் பால்போலத் திரிந்துவிடும். இத்தனைக்கும் தண்ணீர் மொண்டவர்கள், வண்டி ஓட்டியவர்கள், இரவில் தாள் கழுவியவர்கள் எத்தனை பேரோ! படத்தில் தெரிவது கோயில். அவர்களுடைய உழைப்பு அதில் தெரியாது.

சென்னையில் ஒரு நூலகத்தில், தடித்த புத்தகம் ஒன்றில், அந்த மதுரைப் படங்களை நான் முதல் முறை பார்த்தபோது ஒரு மாதிரி திகில்தான் ஏற்பட்டது. ஊர் நம் ஊர்தான். கோபுரம் நம் கோபுரம்தான். ஆனால் ஜனங்களையே காணோம்! தெப்பக்குளம் இருக்கிறது, படியில் குளிக்கிறவர்கள் இல்லை. புது மண்டபத்துத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. பேரம் பேசுகிறவர்கள் இல்லை. மதுரையில் கூட்டமில்லாத ஓர் இடத்தை எந்தக் காலத்தில் யார் பார்த்திருக்கிறார்கள்?

ஜனங்கள் இல்லாமல் இல்லை. இருந்தார்கள், நடந்தார்கள். அதுதான் அவர்கள் செய்த குற்றம். காமிரா பல நிமிஷம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே போகிறவன் ஒரு புகைபோலக்கூடப் பதிவதில்லை. நின்றது பதிந்தது, நடந்தது அழிந்தது. கல்லுக்கு அசையாமலிருக்கிற குணம் உண்டு. ஆகவே கல் சரித்திரத்தில் நின்றுவிட்டது. பூக்காரிக்கு அந்தக் குணம் கிடையாது.

தெருவிலிருந்து மனிதர்களைத் துடைத்துவிட வேண்டும் என்று டிரைப் நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் நினைத்தது வெயிலைப் பற்றியும் வண்டிப் பாதையைப் பற்றியும்தான். காகிதத்தைத் தேர்ந்தெடுத்தார், காகிதம் மற்றதைத் தேர்ந்தெடுத்துவிட்டது. காமிரா வாங்குகிறவர்கள் அதில் என்னென்ன எடுக்கலாம் என்று விசாரிக்கிறார்கள். எதையெல்லாம் அதில் எடுக்க முடியாது என்று கேட்டுக்கொண்டு வாங்குகிறவர்களை நான் பார்த்ததில்லை. கருவியின் சுபாவம் பாதிக்கு மேல் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

வானத்தின் கதையைக் கேளுங்கள். அந்தக் காலத்து மருந்துகளுக்கு நீல நிறம் என்றால் உயிர். பச்சை என்றால் வேம்பு. ஆகவே நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாகப் போய்விடும். மரங்கள் கறுப்புத் திட்டுகளாக விழும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? தூரிகையை எடுத்தார். காகித நெகடிவின்மேல் வர்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். இலைகளுக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடுத்தார். அந்தப் படங்களில் மதுரைக்கு மேலே மிதக்கிற மேகங்களில் சில அன்று வானத்தில் இருந்தவையே அல்ல. காமிராக் கண் பொய் சொல்லாது என்கிறோமே, அதற்கு இவ்வளவுதான் ஆயுசு.

இத்தனையும் சொன்னபின், அந்தக் காகிதம் நமக்குச் சேர்த்துவைத்ததையும் சொல்லத்தானே வேண்டும்? திருமலை நாயக்கர் மஹாலை அவர் பிடித்தபோது அது பாழடைந்து கிடந்தது. கவர்னர் நேப்பியர் வந்து அதைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தது 1866-க்குப் பிறகு. அதற்கு முந்தைய மஹாலைப் பார்க்க வேண்டுமானால் இந்தப் படங்களிடம்தான் போக வேண்டும். அமராவதிச் சிற்பங்கள் சென்னை மியூசியத்தில் இருந்தபோது, 1858-இல், அவற்றையும் அவர் படம் பிடித்தார். அடுத்த ஆண்டே அவற்றில் பெரும் பகுதி லண்டனுக்குக் கப்பலேறிற்று. இன்று அவை இருப்பது பிரிட்டிஷ் மியூசியத்தில்.

எல்லாவற்றுக்கும் சிகரம் தஞ்சாவூர். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாகக் கல்வெட்டு ஓடுகிறது. அதைப் படம் பிடிக்க ஆசைப்பட்டார் டிரைப். தள்ளி நின்றால் எழுத்துத் தெரியாது; கிட்டப் போனால் சிறு துண்டுதான் விழும். என்ன செய்தார்? காமிராவைச் சுவரை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் அதே தூரம், அதே உயரம் பார்த்து நிறுத்தி, இருபத்தொரு படங்கள் எடுத்தார். இருபத்தொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினார். பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே படமாக அந்தச் சுவர் விரிந்தது. இன்று கைக்குள் அடங்குகிற டெலிபோனை இடமிருந்து வலமாக ஓட்டினால் கிடைக்கிற காரியம். அவருக்கு எத்தனை நாள் வெயிலோ!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த எழுத்தில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நமக்குமே தெரியாது என்பதுதான் இன்னும் பெரிய வேடிக்கை. பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்று அன்று கேட்டிருந்தால் ஸ்தல புராணம் வேறு ஒரு சோழனைக் காட்டியிருக்கும். ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் 1886-இல் சென்னை சர்க்காரின் கல்வெட்டு அதிகாரியாக வந்து, அந்தச் சுவரை எழுத்தெழுத்தாகப் படித்து வெளியிட்ட பிறகுதான் ராஜராஜன் என்ற பெயர் அந்தக் கோயிலின்மேல் அசைக்க முடியாதபடி உட்கார்ந்தது. அதற்கு ஏறத்தாழ முப்பது வருஷம் முன்னால், அந்த எழுத்துக்களில் ஒன்றுகூட வாசிக்கத் தெரியாத ஒருவர், ஒன்றைக்கூட விடாமல் பிடிக்க வேண்டும் என்று வெயிலில் நின்றிருக்கிறார். விலாசம் புரியாத கடிதத்தைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த தபால்காரரைப்போல.

சரி, இவ்வளவு செய்தவருக்குக் கிடைத்தது என்ன?

1859-இல் ட்ரெவெலியன் சென்னைக்குக் கவர்னராக வந்தார். கலகத்துக்குப் பிறகு சர்க்காரின் கஜானா வற்றியிருந்தது. எங்கே செலவைக் குறைக்கலாம் என்று பார்த்த கண்ணில் போட்டோகிராபர் பட்டார். இது பெரும் ஆடம்பரம் என்று முடிவாயிற்று. ஆட்களைக் கலைத்து, சாமான்களை ஒழித்து, 1860-க்குள் கடை கட்டியாயிற்று. ட்ரெவெலியனும் அதிக நாள் இருக்கவில்லை. புது வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக அதே 1860-இல் அவரையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். டிரைப் ராணுவ வேலைக்கே திரும்பினார். காமிரா அவருடைய உத்தியோகமாக மறுபடியும் ஆகவில்லை. மேஜர் ஜெனரல் என்ற பட்டத்தோடு ஓய்வு பெற்று, பிறந்த டெவன்போர்ட்டிலேயே 1902-இல் காலமானார். 2014-லும் அதற்கு அடுத்த வருஷமும் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் லண்டனிலும் அவர் படங்களைப் பெரிய பொருட்காட்சியாக வைத்தார்கள். அதற்கு அவர் 112 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே பையன் குறுக்கிட்டான்: "அப்போ அவர் கண்ணாடியே வெச்சிருந்தா தப்பிச்சிருப்பாரா?"

"தப்பித்தவர் கதையையும் சொல்கிறேன்" என்றேன்.

சாமுவேல் போர்ன், நாட்டிங்ஹாமில் பாங்குக் குமாஸ்தா. வேலையை விட்டுவிட்டு 1863-இல் இந்தியாவுக்கு வந்தார். அவர் தேர்ந்தெடுத்தது ஈரக் கண்ணாடி. தேர்ந்தெடுத்த இடமோ இமயமலை. அந்த வருஷமே சிம்லாவிலிருந்து புறப்பட்ட முதல் யாத்திரையில் கூடாரம், கண்ணாடிப் பெட்டிகள், மருந்துகள் எல்லாவற்றையும் சுமக்கச் சுமார் முப்பது கூலிகள். 1866-இல் பதினெட்டாயிரம் அடிக்கு மேலே உள்ள மணிரங் கணவாயில் நின்று, குளிரில் விரல் விறைக்க, கண்ணாடிக்கு மருந்து பூசிப் படம் பிடித்தார். அதைவிட உயரத்தில் படம் பிடிக்கப் பின்னும் பல வருஷம் யாரும் போகவில்லை. அவருடைய படங்களின் கூர்மையைப் பார்த்தால் பனியின் குளிர் நம் கன்னத்தில் படும். ஆனால் அந்தக் கூர்மையின் கனம் யார் முதுகில் இருந்தது? பாதி வழியில் கூலிகள் ஓடிப்போனதையும், தாம் தடியை எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போனதையும் போர்னே ஒரு புகைப்படப் பத்திரிகைக்கு எழுதியிருக்கிறார். வெட்கப்பட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

தொழில் விஷயத்தில் மட்டும் போர்ன் டிரைப்பைவிடக் கெட்டிக்காரர். சர்க்கார் சம்பளத்தை அவர் நம்பவில்லை. ஷெப்பர்டு என்பவரோடு கூட்டுச் சேர்ந்து கடை வைத்தார். ஊருக்குத் திரும்புகிற துரைமார்களும் துரைசானிகளும் ஞாபகார்த்தமாக ஆல்பம் வாங்குவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது; வாங்கினார்கள். கல்கத்தாவில் போர்ன் அண்ட் ஷெப்பர்டு என்ற அந்தக் கடை, உரிமையாளர்கள் பல கை மாறியும், 2016 வரையில் திறந்திருந்தது. கண்ணாடி போய், உலர்ந்த தகடு வந்து, ஃபிலிம் வந்து, அதுவும் போகிறவரையில் அந்தப் பெயர்ப் பலகை தொங்கிற்று. காமிராக்கள் மாறிக்கொண்டே இருந்தன. மாறாதிருந்தது, "என்னைப் பிடி, காசு தருகிறேன்" என்று படியேறி வந்த மனிதர்கள். அவர்களும் குறைந்தபோதுதான் கதவு மூடிற்று.

பிறகு கருவிகள் இளைக்கத் தொடங்கின. 1888-இல் ஈஸ்ட்மன் நூறு படத்துக்கான சுருளை உள்ளேயே வைத்து மூடிய கோடாக் பெட்டியை விற்றார். 1925-இல் ஜெர்மனியில் லைக்கா வந்தது. அதைச் செய்த பார்னக் ஆஸ்துமாக்காரர். மூச்சு வாங்கத் தகடுகளைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியாதவர். அந்த இயலாமையிலிருந்து பிறந்த காமிரா சட்டைப் பைக்குள் அடங்கிற்று. அதன் நெகடிவ் 24 மில்லிமீட்டருக்கு 36 மில்லிமீட்டர். டிரைப்பின் ஒரு நெகடிவில் லைக்காவின் நெகடிவ் நூற்று முப்பதுக்கு மேல் பரப்பலாம். இவ்வளவு கூர்மையையும் விற்றுவிட்டு வாங்கியது என்ன? நடக்கிற மனிதர்களை! டிரைப்பின் தெருவிலிருந்து காணாமற்போனவர்கள் எல்லாரும் அந்தத் தபால்தலை அளவு ஃபிலிமில் திரும்பி வந்துவிட்டார்கள்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் மிகத் துலக்கமாகத் தெரிந்த நாள் 1948 ஜனவரி 30. அன்று டில்லியில் இரண்டு பெரிய போட்டோகிராபர்கள் இருந்தார்கள். ஒருவர் அமெரிக்கரான மார்கரெட் போர்க் ஒயிட். 1946-இல் மகாத்மாவை ராட்டையோடு படம் எடுத்தவர். பெரிய காமிரா, ஃபிளாஷ் விளக்கு, எல்லாம் திட்டவட்டமாக இருக்க வேண்டும் அவருக்கு. மற்றவர் பிரெஞ்சுக்காரரான கார்த்தியே ப்ரெஸ்ஸான். சின்ன லைக்கா ஒன்று. ஃபிளாஷ் வைத்துக்கொள்ளவே மாட்டார். அன்று பிற்பகல் இருவரும் தனித்தனியே காந்திஜியைச் சந்தித்திருந்தார்கள். மாலையில் அந்தக் கொடுமை நடந்துவிட்டது. இருவரும் பிர்லா மாளிகைக்கு ஓடினார்கள். அம்மையார் உடல் கிடத்தியிருந்த அறையில் ஃபிளாஷ் விளக்கைப் பளிச்சென்று எரியவிட்டார். துக்கத்தில் இருந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. காமிராவைப் பறித்து ஃபிலிமை வெளிச்சத்தில் காட்டிக் கெடுத்துவிட்டு அவரை வெளியே அனுப்பினார்கள். ப்ரெஸ்ஸான் மாளிகை வாசலில், மங்கிய வெளிச்சத்தில், காந்திஜி இறந்துவிட்டார் என்று நேரு ஜனங்களுக்குச் சொல்லும் காட்சியைப் பிடித்தார். அந்தப் படம் தெளிவாகக்கூட இல்லை, கலங்கியிருக்கிறது. அன்று கலங்காமல் எது இருந்தது? தெளிவான படங்கள் எத்தனையோ மறந்துபோயின. கலங்கிய அந்தப் படம் இன்னும் இருக்கிறது.

போர்க் ஒயிட் தொழிலில் மட்டமானவர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவருடைய ராட்டைப் படம் உலகம் அறிந்தது. அந்தக் கருவிக்கு அந்த அறை இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் பேசி முடித்தபோது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்போ சின்னதா, சுமாரா ஒண்ணு வாங்கினாப் போதும்ங்கறீங்களா, பெரியப்பா?"

"நான் அப்படிச் சொல்லவில்லை. டிரைப்புக்கு லைக்கா கிடைத்திருந்தால் தஞ்சாவூர்ச் சுவர் நமக்கு அப்படிக் கிடைத்திருக்காது. இரண்டு கேள்விக்கு நீ பதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போ. எதை இழக்க உனக்குச் சம்மதம்? உனக்குக் காசு கொடுக்கப்போகிறவர் யார்?" என்றேன். சற்றுத் தயங்கி, "உன் தாத்தாவுக்கு முதல் கேள்வி நன்றாகத் தெரியும். பன்னிரண்டு படத்தில் ஒரு கல்யாணத்தை அடக்கியவர். இரண்டாவதில்தான் தவறிவிட்டார். ஊரார் படத்தைக் காகிதத்தில் பார்ப்பதையே விடப்போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றியது?" என்றேன்.

அவன் தலையாட்டினான். சமாதானமாகி ஆட்டினானா, பெரியவர் பேச்சு முடிந்ததே என்று ஆட்டினானா என்று எனக்கு விளங்கவில்லை. என் தம்பி டெலிபோன் செய்து, "என்ன அண்ணா சொன்னீர்கள்?" என்று கேட்டபோது, "மதுரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்" என்றேன். அவனுக்குத் திருப்தி ஏற்பட்டிராது.

இரண்டு மாதம் சென்றது. பங்குனியில் ஒரு குறிப்பும் ஒரு படமும் அவனிடமிருந்து வந்தன. தஞ்சாவூரில் ஒரு போட்டோகிராபரிடம் உதவியாளாகச் சேர்ந்திருக்கிறானாம். முகூர்த்த நாட்களில் மட்டும் காமிராவை வாடகைக்கு எடுக்கிறானாம். ஒரு வருஷம் கைப்பழகிய பிறகுதான் சொந்தமாக வாங்கப்போகிறானாம். கீழே இப்படி எழுதியிருந்தான்: 'தாத்தாவின் பழைய நெகடிவ் டப்பாக்களை எல்லாம் பார்த்துவிட்டேன் பெரியப்பா. ஊரில் எல்லாரும் இருக்கிறார்கள். பாட்டி ஒன்றில்கூட இல்லை. அதனால் நான் எடுத்தேன்.'

படத்தைப் பார்த்தேன். சித்தி கொல்லைப்புறத்துத் துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். "எனக்கெதுக்குடா படம்" என்று கையை வீசியிருக்க வேண்டும்; கை கொஞ்சம் கலங்கிப் புகைபோல விழுந்திருக்கிறது. முகம் தெளிவாக இருக்கிறது. பின்னால் வாசற்படியில் அவன் அம்மா நின்று சிரிக்கிறாள். கழுத்தில் சங்கிலி இருக்கிறது.